கொத்தனார் வார்த்த மலை

பீரங்கி தானாக உருண்டு ஆற்றில் விழுந்ததை முதலில் பார்த்தவள் கொத்தனாரின் மனைவி. துடைப்பமும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. நான் தொடவே இல்ல."

பீரங்கி கட்டைவிரல் அளவுதான். ஆனாலும் சமமான இடத்தில் நின்ற பீரங்கி உருளக் கூடாது. கொத்தனார் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பலகை நடுவில் தொப்பை போட்டிருந்தது.

மேசை என்பது இரண்டு ஸ்டூல்மேல் கிடத்திய ப்ளைவுட்தான். அதன்மேல் ஒரு பழைய போர்க்களம்: ஆறு, வயல், மலை, விரல் உயர ஈயச் சிப்பாய்கள். பகடை உருட்டி, டேப் பிடித்துத் தூரம் அளந்து நகர்த்தி, என்றைக்கோ முடிந்த சண்டையை மறுபடி ஆடுகிற கூட்டம் அவருடையது. இதுவரை மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் நடந்தது. மாடிக்குக் குடித்தனம் வந்துவிட்டது. இன்றைக்கு இங்கே ஆடிப் பார்ப்பது, சரிப்பட்டால் மாதாமாதம் இங்கேயே, இல்லாவிட்டால் ஆட்டத்தை மூட்டை கட்டிவிடுவது என்று பேச்சு. கொத்தனாரைக் கைதட்டிக் கூப்பிடாமல் "வாங்க தளபதி" என்று கூப்பிடுகிற ஒரே கூட்டம் அது.

சிப்பாய்கள் எல்லாம் மருந்துக்கடைக்காரருடையவை. மீசை முதற்கொண்டு அவரே சாயம் தீட்டியவை. நேற்றே வந்து அணிவகுத்துவிட்டு, "யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிப் போயிருந்தார்.

கோளாறு மலையில். மற்றவர்கள் தெர்மாகோலில் மலை செய்வார்கள். கொத்தனாருக்கு அது பள்ளிக்கூடப் பிள்ளை வேலையாகத் தெரிந்தது. கம்பிவலை கட்டி, செங்கல் துண்டு போட்டு, பலகைமேலேயே சிமெண்டில் வார்த்துவிட்டார். இப்போது மலை பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பெயர மறுத்தது.

"மலை செய்யச் சொன்னா மலையவே கொண்டாந்து வச்சிருக்கீங்க," என்றாள் மனைவி.

அவள் தம்பிக்குப் போன் போனது. கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் வேலைக்காரன். துண்டுக் குழாயும் திருகு ஜாக்கியுமாக வந்தவன் பலகையின் தொப்பையைப் பார்த்தான்.

"இது எத்தனாவது மாசம் மாமா?"

"வாய மூடிட்டு உள்ள போடா மாப்ள."

இருவரும் அடியில் புகுந்து முட்டுக் கொடுத்தார்கள். மேலே மனைவி மலையடிவாரத்தில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தாள். கொத்தனார் ஜாக்கியைத் திருகினார். பலகை முனகியது. ஆற்றின் குறுக்கே சாயம் மயிரிழையாக வெடித்தது.

"மெதுவாங்க. குதிர ஆடுது."

"குமிழியப் பாருடி, குதிரையப் பாக்காத."

இன்னொரு திருகு. பலகை படாரென்று ஒரு சத்தம் போட்டது. ஒரு குதிரைவீரன் மட்டும் விளிம்பில் தள்ளாடி, கொத்தனாரின் தோளில் பட்டுத் தரையில் விழுந்தான்.

"போதும். குமிழி நடுவுல வந்துடுச்சு," என்றாள் மனைவி, குரல் இறங்கி.

வீரனின் ஈட்டி முறிந்திருந்தது. வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"பின்வரிசைல சொருகிடலாம் மாமா. யாரு பாக்கப் போறா," என்று மச்சினன் கிசுகிசுத்தான்.

"பெத்தவனுக்குப் புள்ள அடையாளம் தெரியாதா?"

மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்தார். பின்னால் மற்றவர்கள். கொத்தனார் உள்ளங்கையை நீட்டினார். அதில் வீரன் ஒரு பக்கம், ஈட்டி ஒரு பக்கம்.

"மேசை எறங்கிடுச்சு. முட்டுக் கொடுக்கும்போது விழுந்துட்டான். தப்பு எம்மேலதான்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வீரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்து ஜாக்கியைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி மலையைத் தட்டினார். வலித்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டார்.

"சிமெண்டா?"

"ஆமாங்க."

"இந்த ஜாக்கிய எடுத்தா?"

"மொத்தப் படையும் தரைக்கு வந்துடும்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து அடக்கிக்கொண்டார்கள். கொத்தனாருக்குக் காது சூடேறியது. மருந்துக்கடைக்காரர் முறிந்த ஈட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீரனை முன்வரிசையில், அவன் இடத்திலேயே வெறுங்கையோடு நிறுத்தினார். ஜாக்கியில் முழங்கால் இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"பகடைய எடுங்க தளபதி. அடுத்த மாசம் இங்கயே, மலையே இல்லாத சண்டையா பாத்து எடுப்போம்."