மெயினை மூடியவர்

அந்த அலுவலகத்தில் காலையிலேயே எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதைக்கூட எழுதித்தான் அனுப்புவார்கள். அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு "இப்ப வருதா? இப்ப?" என்று தொண்டை கிழியக் கத்தியே பாதி ஆயுளை ஓட்டிய மனிதருக்கு அந்த நிசப்தம் எப்படி ஒத்துவரும், நீங்களே சொல்லுங்கள். குழாய்க்காரர் என்றுதான் தெருவில் அவரை இன்னமும் கூப்பிடுகிறார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. எல்லோரும் அவரைவிடச் சின்னவர்கள், குழுத்தலைவி உட்பட. வரும் வெள்ளிக்கிழமையோடு அவருடைய சோதனைக்காலம் முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்வார்களா, கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்களா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டு வந்து மாட்டிக்கொள்ளவில்லை. முதுகுத்தண்டில் ஏதோ நகர்ந்துவிட்டது, இனிமேல் குனியாதே என்றார் டாக்டர். குனியாமல் குழாய் வேலை செய்வது எப்படி என்று அந்த மகானுபாவர் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னாள், "இவ்வளவு நாள் குனிஞ்சாச்சுல்ல, இனிமே உக்காந்து செய்ற வேலையாப் பாருங்க." சும்மா சொன்னதோடு விடவில்லை. அவர் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு புரோகிராமோடு மல்லுக்கட்டிய இரண்டு வருஷமும் அவள் ரொட்டிக் கடை கவுண்டரில் இரண்டு ஷிப்டு நின்றாள். சாயங்காலம் கால் வீங்கிப்போய் வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு ஓடுச்சா?" என்பாள். என்ன ஓட வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஓடிற்று என்றால் முகம் மலர்ந்துவிடும். அவருக்கு வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது இந்த வாரச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். பல் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற மென்பொருள்தான் அந்த நிறுவனத்தின் பிழைப்பு. ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு ஒரே டோக்கன் போய்விட்டது. வீங்கிய கன்னத்தோடு இருவரும் வாசலில் சண்டை பிடித்திருக்கிறார்கள், பாவம். சின்னக் கோளாறுதானே என்று அதை இவரிடம் ஒதுக்கினார்கள். அவரும் புரோகிராமை வரிவரியாகப் பிடித்துக்கொண்டே போய், ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். யாரும் காட்டித்தராமல் தானாகவே கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்து நடந்தது அவர் மூளை செய்ததல்ல, கை செய்தது. ஒழுகும் குழாயில் கை வைப்பதற்கு முன்னால் மெயினை, அதாவது தண்ணீர் வருகிற பெரிய வால்வை, மூட வேண்டும். இத்தனை வருஷமும் ஒரு நாள்கூட அதைத் தவறவிட்டவரில்லை. டோக்கன் கொடுக்கிற சர்வரை எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்ப ஓடவிடுவது என்று போன வாரம்தான் குழுத்தலைவி காட்டிக்கொடுத்திருந்தாள். நிறுத்தலாமா என்று கேட்க நினைத்து வலப்பக்கம் பார்த்தார். ஒருவன் கண்ணை மூடிப் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் இருந்தவள் திரையைவிட்டு நிமிரவில்லை. குழாய்க்காரர் கட்டளையைத் தட்டினார். எல்லாம் நின்றது. அப்பாடா என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் முதல் போன் அடித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் அந்த அறையில் இருந்த போன்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு அடித்தன. காதில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றிவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தார்கள். குழுத்தலைவி கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் டோக்கன் நின்னுபோச்சு! யாரு என்ன பண்ணீங்க?"

குழாய்க்காரர் கையை உயர்த்தினார். "நான்தான்மா நிறுத்தி வச்சிருக்கேன். இதோ முடிஞ்சிடும். முடிச்சதும் திறந்துவிட்டுடுறேன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது? கோபம்கூட இல்லை அதில். குனிந்து, அவர் கைக்கு மேலாகவே எட்டித் தட்டினாள். ஊரில் உள்ள பல்வலிக்காரர்களுக்கெல்லாம் டோக்கன் திரும்ப வந்தது. "நாளைக்குக் காலைல எல்லாரும் உக்காந்து பேசுவோம்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே மச்சினனிடமிருந்து போன். இரண்டு பேரும் கூட்டாக நடத்திய குழாய் வேலையை இப்போது அவன் தனியாகப் பார்க்கிறான். நல்ல பையன்தான், வாய்தான் நீளம்.

"மாமா, புதுக் கட்டடம் ஒண்ணு மாட்டியிருக்கு. நீங்க குனியவே வேணாம். ஸ்டூல் போட்டு உக்காந்து ஆளுங்கள மேய்ச்சா போதும். அந்த டப்பாவத் தட்டுனது போதும், வாங்க மாமா."

"வெள்ளிக்கிழமை சொல்றேன் மாப்ள" என்றார். சொன்ன பிறகுதான், வெள்ளிக்கிழமை வேலை போய்விடும் என்று தானே முடிவுகட்டிவிட்டது அவருக்கு உறைத்தது.

மனைவி சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல "ஓடுச்சா?" என்றாள்.

"ஓடிக்கிட்டு இருந்ததையும் நான் நிறுத்திட்டேன்" என்றார்.

முழுக்கதையையும் சொன்னார். வீங்கிய கன்னங்கள் வரை வந்தபோது அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஈரம். அவருக்குச் சுள்ளென்று வந்தது. "சிரி, சிரி. சனிக்கிழமை தெருவுல உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க, அப்பத் தெரியும்."

அவள் சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"ஏங்க, நீங்க எந்த வீட்லயாவது சொல்லாம மெயின மூடியிருக்கீங்களா? கல்யாணம் ஆன புதுசுல உங்ககூட ஒரு வேலைக்கு வந்தேனே. 'அம்மா, தண்ணிய நிறுத்தப்போறேன், குளிக்கிறவங்க குளிச்சிடுங்க, ஒரு வாளி பிடிச்சு வச்சுக்கங்க'ன்னு மூணு மாடிக்கும் கேக்குற மாதிரி கத்துனீங்க. என் மானமே போச்சு. ஆபீஸ்ல மட்டும் ஏன் வாயத் திறக்கல?"

குழாய்க்காரர் துணியை எடுத்துவந்து தரையைத் துடைக்கப் போனார். "குனியாதீங்க" என்று அவள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெக்கமா இருந்துச்சு" என்றார். "கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நெனப்பாங்களோன்னு. சேர்ந்த நாள்லேர்ந்து நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. அவங்க பேசுறதுல பாதி புரியாது. தலைய மட்டும் ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சுக்குவேன்."

ராத்திரியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு இவர் எதைப் படித்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. இரண்டு ஷிப்டு நின்றபோதுகூட அவளுக்குக் கண் கலங்கியதில்லை. "லூசு" என்றாள். "நல்ல லூசு எனக்கு வந்து வாய்ச்சுது." சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "வேலை போனாப் போகட்டும். வாயத் தொலைச்சிட்டு வராதீங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஒரு வீட்டில் இப்படிச் செய்திருந்தால் அந்தம்மா ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள், கணக்கு தீர்ந்திருக்கும். முதலில் குழுத்தலைவிதான் பேசினாள். புதிதாக வந்தவர் கையில் சர்வரை நிறுத்தும் உரிமையைக் கொடுத்தது தன் தவறு என்றாள். பிறகு, "நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். யாரும் எழவில்லை என்பதைக் கவனித்தும் உட்காரவில்லை.

"கேட்டுட்டு நிறுத்தியிருக்கணும். கேக்க வெக்கப்பட்டேன். எனக்கு நீங்க பேசுறது பாதி விளங்குறதில்ல. விளங்குற மாதிரி தலையாட்டிக்கிட்டு இருந்தேன். அது தப்பு."

தலையை ஆட்டியே பாட்டு கேட்கும் அந்தப் பையன் ஏனோ சட்டென்று தன் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

குழுத்தலைவி தொண்டையைச் செருமினாள். "வெள்ளிக்கிழமை என்ன முடிவாகும்னு எனக்கே இன்னும் தெரியலண்ணா. மேல இருக்கவங்களும் கேப்பாங்க. பொய் சொல்லி உங்களைத் தேத்த மாட்டேன். ஆனா அந்த டோக்கன் கோளாறு அப்படியேதான் இருக்கு. இன்னிக்கும் ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் போயிருக்கு. யாரு எடுக்குறீங்க?"

"நானே முடிக்கிறேன்" என்றார் குழாய்க்காரர். உட்காரப் போனவர், பாதியில் நின்றார். கழுத்துவரை வந்ததை வழக்கம்போல விழுங்கிவிட ஒரு கணம் போதும். விழுங்கவில்லை. மூன்று மாடிக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல், அவரே எதிர்பாராத சத்தத்தில் வெளியே வந்தது.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே எப்படிச் சரி பண்றது? எனக்குத் தெரியல. யாராவது கொஞ்சம் பக்கத்துல உக்காந்து காட்டுங்க."

கண்ணாடி அறைக்கு அப்பால் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது மடல் சூடேறச் சூடேறத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து திரையைத் திறந்தார். பின்னாலிருந்து சக்கரங்கள் தரையில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலிதான் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால், குழுத்தலைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலால் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தத் தலையாட்டிப் பையனும், "எனக்கும் தெரியாதுண்ணா, நானும் பார்த்துக்குறேன்" என்று முணுமுணுத்தபடி, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். குழாய்க்காரர் விசைப்பலகையைத் தள்ளி, டீ டம்ளரை ஓரமாக வைத்து, இரண்டு பேருக்கும் இடம் பண்ணினார்.