தென்னந்தடிப் பீரங்கிகள்

சாலையோரத்துப் பெயர்ப்பலகையைக் கொடி படர்ந்து முக்கால்வாசி மூடியிருந்தது. ஹஸ்மிரா அதைக் கவனிக்கவேயில்லை. ஷுக்ரிதான் கவனித்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் காரை இடப்பக்கம் ஒடித்துச் செம்மண் பாதையில் இறக்கிவிட்டான்.

"அபாங், எங்க போறீங்க? உங்க அத்தை வீட்டு விருந்துக்கு நேராப் போகணும்."

"பத்தே நிமிஷம். இங்க ஒரு பழைய மண்கோட்டை இருக்கு. குபு தெம்பாகான்னு பேரு. நீ பார்க்கணும்."

கல்யாணமாகி, புருஷனை 'அபாங்' என்று கூப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஷுக்ரி அவளுக்கு இரண்டு பழைய பள்ளிவாசல்கள், ஒரு இடிந்த பாலம், யாருடையதென்றே தெரியாத ஒரு கல்லறை எல்லாம் காட்டியாகிவிட்டது. மற்ற ஆண்கள் பெண்டாட்டியைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள். ஈப்போவில் பல் மருத்துவமனைத் தாதியான ஹஸ்மிரா, மனதுக்குள் முணுமுணுக்கிற ஜாதியில்லை. எதையும் சத்தமாகவே சொல்லிவிடுவாள்.

"மயில் நீலத்துல புது உடுப்பு. காலில புதுச் செருப்பு. உங்க அத்தைமாருங்க என்னை மொதமொதலா நல்லாப் பார்க்கப் போறாங்க. இந்த நேரத்துல கோட்டை!"

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் கார் குதித்துக் குதித்துப் போய், ஆற்றோரம் தனியாக நின்ற ஒரு பலகை வீட்டின் முன்னால் நின்றது. தோளில் புல்வெட்டும் இயந்திரத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். முக்காட்டுக்கு மேல் ஓலைத் தொப்பி. ஐம்பது வயதிருக்கும்.

"ஆளு வந்திருக்கு! நெசமாவே ஆளு வந்திருக்கு!" என்று வீட்டைப் பார்த்துக் கூவியவள், இவர்கள் பக்கம் திரும்பி, "வாங்க, வாங்க. நான் கல்சோம். இந்தக் கோட்டையப் பார்த்துக்கிறவ. பெருநாளுக்கு முன்னால நாலு பேர் வந்தாங்க. அவங்களும் வழி தப்பி வந்தவங்க லா" என்றாள்.

முதல் வேலையாகக் கல்சோம் வீட்டுக்குள் போய் ஒரு தடித்த நோட்டை எடுத்து வந்தாள். வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு. "மறக்காம எழுதிடுங்க. மாவட்ட ஆபீஸ்ல இந்தப் பேரை எண்ணிப் பார்த்துத்தான் புல்லு வெட்டச் சம்பளம் தராங்க."

ஷுக்ரி கார் கதவைப் பூட்டப் போயிருந்தான். ஹஸ்மிரா இரண்டு பெயரையும் எழுதிவிட்டுச் சும்மா பழைய பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். வருஷத்துக்கு ஒரு பக்கம்; ஒன்றுகூட நிரம்பவில்லை. நான்காவது பக்கத்தில் அவள் விரல் நின்றது. சாய்ந்து சாய்ந்து ஓடும் அந்தக் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும்.

'ஷுக்ரி, ஈப்போ. சுஹைலா, தாப்பா. அழகான இடம். மறுபடியும் வருவோம்.'

மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. வருவேன் என்றில்லை. வருவோம்!

அவள் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் ஷுக்ரி அப்போதே காரில் ஏறியிருப்பான்.

கோட்டை என்றால் மதிலும் வாசலும் இல்லை. ஆறு வளைகிற இடத்தில் ஓராள் உயரத்துக்கு நீளமான மண்மேடு. அதைச் சுற்றிச் சேறு நிறைந்த அகழி. மேட்டின்மேல் நடந்தபடியே கல்சோம் கதையை ஆரம்பித்தாள். ஆம்பளைகள் எல்லாம் மேலாற்றில் ஈயம் எடுக்கப் போயிருந்த சமயத்தில் கொள்ளைக்காரப் படகுகள் வந்தனவாம். ஊர்த் தலைவரின் மகள் தென்னந்தடிகளை அறுத்து, கரி பூசி, மேட்டில் வரிசையாக வைத்தாளாம். பீரங்கி என்று பயந்து படகுகள் திரும்பி ஓடினவாம்.

"நல்ல கெட்டிக்காரப் பொண்ணு," என்றாள் ஹஸ்மிரா. "சுஹைலாவுக்கும் இந்தக் கதை பிடிச்சிருந்துச்சா, அபாங்?"

ஷுக்ரிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "யாரு... அது வந்து..."

"தாப்பாக்காரி. மறுபடியும் வர்றதாச் சொன்னாளே."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன், ஹஸ்மிரா. உன்னைப் பார்க்கிறதுக்கு முன்னால. பேச்சு கல்யாணம் வரைக்கும் போச்சு..."

"ஓ, அந்தப் பொண்ணா!" கல்சோம் ஆர்வமாகப் பேச்சில் நுழைந்தாள். "எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. அது காரை விட்டு எறங்கவே இல்லையே! அட்டை கடிக்கும்னு கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான்தான் ரெண்டு பேரு எழுதுங்கன்னு கெஞ்சினேன். இப்பத்தான் இவரை அடையாளம் தெரியுது. இவருதான் ரெண்டையும் எழுதினாரு, பாவம்."

ஹஸ்மிராவுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"வீட்டுக்குப் போற வழியிலயே வேணாம்னுட்டா," என்றான் ஷுக்ரி. "மண்மேட்டைக் காட்டுறவனோட காலம் தள்ள முடியாதாம்."

"சரி. என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அங்கே அவன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நீ எறங்குவியான்னு... பார்க்கலாம்னு."

இப்போது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பரீட்சையா? கல்யாணம் பண்ணி அஞ்சு மாசம் கழிச்சுப் பரீட்சையா? தேறலைன்னா திருப்பி அனுப்புவீங்களா?"

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தாள். மேட்டு விளிம்பில் ஈரமண் வழுக்கியது. அடுத்த நொடி முழங்கால்வரை அகழிச் சேற்றில் நின்றாள். கல்சோம் ஒரு கையும் ஷுக்ரி ஒரு கையுமாக இழுத்தார்கள். ஹஸ்மிரா மேலே வந்துவிட்டாள். வலது காலின் செருப்பு வரவில்லை.

மயில் நீலம் பாதிக்குக் கீழே மண் நிறமாகியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பச்சைப் பட்டுச் சட்டை, இடுப்பில் சரிகைக் கைலி, தலையில் கறுப்புத் தொப்பி, ஒரு பொட்டு அழுக்கில்லை.

"இப்ப என்னோட பரீட்சை. போய் என் செருப்பை எடுத்துட்டு வாங்க."

"இந்த உடுப்போடயா?"

"நான் இந்த உடுப்போடதானே விழுந்தேன்?"

ஷுக்ரி கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டான். இறங்கினான். குனிந்து தோள்வரை கையைவிட்டுத் துழாவினான். வேர் வந்தது, ஓலை வந்தது, ஒரு நண்டு வந்து கிள்ளியது. "அய்யோ!" என்று அவன் குதித்ததில் தொப்பியும் சேற்றுக்குள் போனது. கல்சோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹஸ்மிராவுக்கும் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"கெடைச்சிருச்சு... இல்ல, இது கல்லு. கனமாயிருக்கு." இரண்டு கையாலும் அதைத் தூக்கினான். மாதுளம்பழ அளவில் உருண்டையாக ஒன்று. தண்ணீரில் அலசியதும் துரு சிவப்பாகக் கரைந்தது. அவன் குரல் மாறிவிட்டது. "ஹஸ்மிரா, இது இரும்பு! பீரங்கிக் குண்டு!"

கல்சோமின் சிரிப்பு நின்றுபோனது. "குண்டா? இங்க இருந்தது தென்னந்தடிதானே! இருபது வருஷமா வர்றவங்ககிட்ட அப்படித்தானே சொல்லிட்டிருக்கேன்! குண்டு எங்கேருந்து வந்துச்சு? இனி என்னத்தைச் சொல்றது?"

"அக்கா, எதிரி சுட்டதா இருக்கக்கூடாதா?" என்றாள் ஹஸ்மிரா. "படகுக்காரங்க சும்மா ஓடலை. சுட்டுப் பார்த்திருக்காங்க. சுட்டும் அந்தப் பொண்ணு எடத்தை விட்டு அசையலை. அப்ப கதை இன்னும் பெருசாத்தானே ஆகுது?"

"சுட்டும் அசையலை..." என்று கல்சோம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஹஸ்மிராவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சேற்றுக்குள் நின்றபடி ஷுக்ரி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்புத்தான்," என்றான் மெதுவாக. "பரீட்சையெல்லாம் வச்சிருக்கக் கூடாது."

"கூடாதுதான். அடுத்த தடவை கேளுங்க. எறங்க இஷ்டமில்லைன்னா நானே சொல்லிடுவேன். எனக்கு வாய் இருக்கு."

"அது தெரியும்."

செருப்பு கிடைக்கவேயில்லை. குண்டைக் கல்சோம் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடினாள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் சொல்வதாக ஷுக்ரி கல்சோமின் எண்ணை வாங்கிக்கொண்டான்.

விருந்துக்கு இரண்டு மணிநேரம் தாமதம். கல்சோம் கொடுத்த பூப்போட்ட கைலியும் ரப்பர் செருப்புமாக ஹஸ்மிரா இறங்கியதைப் பார்த்து அத்தைமார் நான்கு பேரும் வாசலுக்கே ஓடி வந்தார்கள். மூத்த அத்தை, "என்னம்மா இது கோலம்?" என்றாள். ரெண்டாங் இறைச்சியை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு ஹஸ்மிரா கதையைத் தொடங்கினாள். நண்டு கிள்ளிய இடம் வந்ததும் சமையல்கட்டிலிருந்தவர்களும் கரண்டியோடு வந்து நின்றார்கள். சுஹைலாவை அவள் சொல்லவில்லை. அதைக் கவனித்த ஷுக்ரி, கேட்காமலே அவள் தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை செம்மண் பாதையில் மூன்று கார்கள் வரிசையாக இறங்கின. முதல் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னவள் ஹஸ்மிரா. பின்னிருக்கையில் இரண்டு அத்தைமாருக்கு நடுவே நசுங்கியபடி ஷுக்ரி.