முன் சக்கரத்து மஞ்சள் கோடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. துடைப்பத்தின் நுனியிலிருந்து வந்தது.

காலையில் கிறிஸ்டினா வேலைக்குப் போன பிறகு, நேற்று வாசலில் பரப்பிப் போட்டிருந்த சாமான்களைக் கூட்டினேன். அட்டைப்பெட்டி, ஒயர் துண்டுகள், ஸ்பேனர்கள், கழற்றிப்போட்ட பழைய முன் சக்கரம். துடைப்பத்தோடு ஒரு வாஷர் உருண்டு வந்து என் காலடியில் படுத்தது. சாதாரண வாஷர் என்றால் எடுத்து எறிந்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். இது பல் வைத்த வாஷர்.

விவரமாகச் சொல்கிறேன். கிறிஸ்டினா என் மனைவி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அவளுடைய சைக்கிளை நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வைத்துக் கரண்டு சைக்கிளாக மாற்றினேன். பேட்டரி கேரியரில் இருக்கிறது. மோட்டார் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் அச்சுக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு பல் வாஷர்கள் போடவேண்டும். பல்லானது சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பிளவில் உட்கார்ந்துகொண்டால் அச்சு அசையாது, சக்கரம் மட்டும் சுற்றும். வாஷர் இல்லாவிட்டால், கைப்பிடியைத் திருகும் ஒவ்வொரு முறையும் மோட்டார் அச்சையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். நட்டு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் சக்கரம்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.]

இப்போது கேள்வி இதுதான். கையில் இருக்கும் இந்த வாஷர் பெட்டியில் உபரியாக வந்ததா, நான் போட மறந்ததா? எனக்கு இது நைட் ஷிஃப்ட் வாரம். இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருக்க வேண்டியவன். தூக்கம் வராதபோது எனக்குத் தெரிந்த ஒரே வேலை கதை எழுதுவது. அதனால் எழுதுகிறேன்.

2

தொடக்கம் (ஒன்று): "அன்பு பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மனைவியின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான்."

அன்பு என்று யாரும் இல்லை. தப்பு நடந்திருந்தால் அது எவன் தலையிலாவது விழட்டும் என்று பெயரை மாற்றிப் பார்த்தேன். சிறுகதையில் இது அனுமதிக்கப்பட்ட கோழைத்தனம்.

தொடக்கம் (இரண்டு): "பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகும் இக்காலத்தில், சாதாரண மிதிவண்டியை மின்சார மிதிவண்டியாக மாற்றுவது உழைக்கும் மக்களுக்கு..."

கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம். ஆறுதல் பரிசு நிச்சயம்.

தொடக்கம் (மூன்று): "அன்பு பல் வாஷரை எடுத்து வேட்டியில் துடைத்தான். இடது பக்க அச்சில் செருகினான். பல் பிளவுக்குள் 'டக்'கென்று உட்கார்ந்தது."

இதை எழுதியபோது நிம்மதியாக இருந்தது. எழுதி முடித்த பிறகுதான் வில்லங்கம் புரிந்தது. ஏனென்றால் இப்போது எனக்கு அந்த 'டக்' சத்தம் கேட்கிறது. வேட்டியில் கிரீஸ் கறைகூடத் தெரிகிறது. நேற்று நான் கட்டியிருந்தது லுங்கி.* வலது பக்க வாஷரைப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. இடது பக்கத்தைப் போட்டதாக இருப்பது நினைவா, சற்றுமுன் நானே எழுதிய வரியா என்று இனிமேல் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கதை எழுதுகிறவன் சாட்சி சொல்லக்கூடாது என்று எங்காவது சட்டம் இருந்தால் நல்லது.

* லுங்கியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் கிரீஸ் இருக்கிறது. எல்லா இடத்திலும் கிரீஸ் இருக்கிறது. அது எதையும் நிரூபிக்கவில்லை.

3

இந்தக் கதையில் மோட்டார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளை கிறிஸ்டினா இன்றுவரை ஓட்டுகிறாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மூடிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, எதிர்காற்றில் மிதித்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் முட்டியில் வெந்நீர் ஒத்தடம். ஸ்கூட்டி வாங்கலாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"ஸ்கூட்டின்னா டிரெய்லர்காரன் மதிக்கவே மாட்டான். சைக்கிள்னா ஐயோ பாவம்னு ஒதுங்கிப் போவான்," என்பாள்.

அதனால் மோட்டாரும் பேட்டரியும் ஒரே பெட்டியில் வரும் கிட் வாங்கினேன். வீடியோ பார்த்து நானே மாட்டினேன். ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறேன். அடுத்தவன் மாட்டியதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நட்டை முறுக்கிச் சரிபார்த்ததும், நட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் பாகம் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு மஞ்சள் கோடு இழுப்போம். கோடு இருந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். சிப்காட்டில் அதற்குமேல் யாரும் அந்த நட்டைத் தொடமாட்டார்கள். கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நட்டு இளகித் திரும்பினால் கோடு நடுவில் விலகி இரண்டாகத் தெரியும். ஆனால் அது குவாலிட்டிக்காரர்கள் பார்க்கிற பார்வை. மற்றவர்களுக்குக் கோடு என்றால் 'ஓகே', அவ்வளவுதான்.

காலையில் கிளம்பும்போது கிறிஸ்டினா சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்னாபா, எல்லாம் கரெக்டா மாட்டிக்கிறியா?"

"மாட்டியாச்சு."

"ஊருக்கெல்லாம் பாஸ் போட்ற. என் வண்டிக்கு மட்டும் கோடு இல்லியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் மார்க்கரை எடுத்து வந்து, முன் சக்கரத்தின் இரண்டு நட்டுகளிலும் கோடு இழுத்தேன். ஸ்பேனரை எடுத்து வரவில்லை. கம்பெனியில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றே கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். என் மனைவி சிரித்தாள், எனக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது, பார்க்காமலே பாஸ் போட்டேன்.

என்னைத் தின்றுகொண்டிருப்பது வாஷர்கூட இல்லை, இந்தக் கோடுதான்.

4

கிட் விற்ற விமலுக்குப் போன் செய்தேன்.

"பல்லு வெச்ச வாஷர் பெட்டில எத்தினி வரும்?"

"ரெண்டு வரும் சார். சிலதுல மூணு வரும்."

"எதுல மூணு வரும்?"

"அத்த எப்டி சார் சொல்றது? பேக் பண்றவன் கைல வந்தத அள்ளிப் போட்டு அனுப்பறான். இன்னா சார், ஒண்ணு மிச்சமாயிடுச்சா?"

"ஆமா."

"நல்லதுதான். பத்திரமா வெச்சிக்கோங்க, எதுக்காவது ஒதவும்."

அடுத்து கிறிஸ்டினாவின் கம்பெனி செக்யூரிட்டி. உள்ளே போகிறவர்களின் போன்களை வாங்கி வைத்துக்கொள்வது அவர்தான்.

"பேக்கிங் கிறிஸ்டினா வந்துட்டாங்களான்னு பாத்து சொல்றீங்களாண்ணா?"

"பஞ்ச் ஆயிக்குது சார். நீங்க?"

"ஊட்டுக்காரன், ராபின். கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

"லைன்ல கீறாங்க சார், இப்போ விடமாட்டாங்க. யாருக்காவது எதனா ஆயிடுச்சா?"

"இன்னும் ஆவல."

"இன்னாது?"

"ஒண்ணுமில்லண்ணா. வரும்போது சைக்கிள்ல ஏறவேணாம், தள்ளிக்கினு வரச் சொல்லுங்க."

"நான் இப்போ ஷிஃப்ட் மாறிடுவேன். அடுத்து வர்ற ஆளாண்ட சொல்ட்டுப் போறேன்."

அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிந்தது. காலையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு, இளகுகிற நட்டு போகும்போது கொஞ்சம் இளகும், மிச்சத்தைத் திரும்பி வரும்போது இளகும் என்று குவாலிட்டி மூளை சொன்னது. அந்த மூளை நேற்று எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

5

முடிவுகளையாவது எழுதிப் பார்க்கலாம்.

முடிவு (ஒன்று): மாலையில் அவள் சிரித்துக்கொண்டே வந்து இறங்குகிறாள். அன்பு நட்டைக் கழற்றுகிறான். உள்ளே வாஷர் இருக்கிறது. மூன்றாவது வாஷரை அவள் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்கிறாள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு (இரண்டு): [எழுதினேன். அழித்துவிட்டேன். அதில் டிரெய்லர் ஒன்று இருந்தது. 'செருப்பு' என்று ஒரு சொல் இருந்தது. பத்தியை அழித்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை.]

முடிவு (மூன்று): வழியில் முன் சக்கரத்தில் கடகடவென்று சத்தம். அவள் சந்தேகப்பட்டு இறங்கி...

இங்கே பேனா நின்றுவிட்டது. கிறிஸ்டினா எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள். பால் பாக்கெட்டை மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பாள். சத்தம் கேட்டால் கட்டாயம் இறங்குவாள். குனிந்து நட்டைப் பார்ப்பாள். மஞ்சள் கோடு இருக்கும். 'அவர் பாத்துட்டாரு' என்று மறுபடி ஏறிவிடுவாள். அவள் சந்தேகப்படாத ஒரே பொருளை நான் கைப்பட வரைந்து கொடுத்திருக்கிறேன்.

எழுந்து போகவேண்டியதுதானே, உட்கார்ந்து என்ன கதை வேண்டிக்கிடக்கிறது என்று நீங்கள் இரண்டாம் பகுதியிலேயே திட்டத் தொடங்கியிருப்பீர்கள். நியாயம்தான். போய் நின்றால், 'பார்க்காமல் கோடு போட்டேன்' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்ததை விட அந்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்ததில்தான் மத்தியானம் போனது. இப்போது ஸ்பேனர் கிடைத்துவிட்டது. வாக்கியம் கிடைக்கவில்லை. கிளம்புகிறேன்.

6

இதைப் போனில் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே கேட்டில் நிற்கிறேன். சிப்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வர இந்த ஒரே வழிதான். ஷேர் ஆட்டோ என்னை இறக்கிவிட்டபோதே கேட் போட்டிருந்தார்கள். சட்டைப் பையில் ஸ்பேனர், வாஷர்.

அவளுக்குப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. போன் எப்போதும் பையின் அடியில், டிபன் பாக்ஸுக்கும் கீழே இருக்கும்.

பிறகு அவளைப் பார்த்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஷிஃப்ட் விட்ட கூட்டத்தின் நடுவில், சைக்கிள் மேல் உட்கார்ந்து ஒரு காலை ஊன்றியிருந்தாள். எப்போதும் சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்துவிடுகிறவள். இன்று பேட்டரி கனத்தால் முடியவில்லை போலிருக்கிறது. அந்தக் கனத்துக்கு நன்றி சொன்னேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. கையை உயர்த்தி, கைப்பிடியைத் திருகுவதுபோல் காற்றில் திருகிக் காட்டினாள். சூப்பர் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை இவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

"எறங்கு," என்று கத்தினேன். "எறங்கி தள்ளிக்கினு வா."

காதில் கைவைத்து "இன்னா?" என்று தலையாட்டினாள். அதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது.

பெட்டி பெட்டியாக எங்கள் இருவருக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டிகளின் இடுக்கில் அவளுடைய நீலச் சுடிதார் வந்து வந்து மறைகிறது. என் பக்கத்தில் பைக்குகள் உறுமத் தொடங்கிவிட்டன. கேட் தூக்கினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கூட்டம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு பாயும். அவளும் கைப்பிடியைத் திருகுவாள். முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறிக் குதிக்கும்.

இந்த முடிவை நான் எழுத மாட்டேன். ஒரு வரி எழுதியதற்கே என் நினைவு கெட்டுப்போனது. இனி எதையும் எழுதி நடக்கவைக்கவோ நடக்காமல் செய்யவோ எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். வாசிக்கிறவர் எப்போதும் அந்தப் பக்கம்தானே நிற்பார். தயவுசெய்து அவள் பக்கத்தில் போங்கள். குனிந்து முன் சக்கரத்தின் இடது நட்டைப் பாருங்கள். மஞ்சள் கோடு விலகியிருந்தால் அவள் தோளைத் தொட்டு இறங்கச் சொல்லுங்கள். கோடு விலகாமல் நேராக இருந்தாலும் இறங்கச் சொல்லுங்கள். நம்ப மாட்டாள், கோடு இருக்கிறதே என்பாள். கோடு போட்டவனே சொல்லச் சொன்னான், அவன் பார்க்காமல் போட்டானாம் என்று சொல்லுங்கள்.

கடைசிப் பெட்டி தெரிகிறது.