மனிதரை வைத்துக்கொள்ள உரிமம்

எங்கள் மாவட்டத்தில் உரிமம் வாங்க வேண்டியது கைத்துப்பாக்கிதான், மனிதரை வைத்துக்கொள்வதற்கு. படிவத்தில் மனிதரின் பெயரும் காரணமும் எழுதி, அண்டைவீட்டார் இருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு முப்பது நாள், கலெக்டர் அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே உள்ள பெஞ்சில் துப்பாக்கியும் அந்த மனிதரும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பழகிப் பார்க்காமல் யாரை யாரோடு அனுப்புவது? பக்கத்து மாவட்டத்து அதிகாரிகள் வந்து எங்கள் முறையை எழுதிக்கொண்டு போனார்கள். பெஞ்சைக்கூட அளந்தார்கள்.

மாசியில் ஒரு ரிவால்வர், ஞானதிரவியம் அண்ணாச்சியைக் கேட்டு மனு கொடுத்தது. உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மனைவி இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. காரணம் என்ற இடத்தில் 'தற்காப்பு' என்றிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு அனுப்பினால் மனுஷன் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

"இன்னைக்கே குடுத்துருங்க மேடம். இவரும் சரின்னுட்டாரு," என்றது ரிவால்வர்.

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும். உட்காருங்க," என்றேன்.

பதினோரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் பெஞ்சில் இருப்பவருக்கும் ஒரு பங்கு கொடுப்பது எங்கள் பிரிவின் வழக்கம். அண்ணாச்சி பத்து நாள் இட்லியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார்.

"சட்னியில உப்பு பத்தாது தாயி."

மறுநாள் ஒரு பொட்டலம் கல் உப்போடு வந்தார். ரிவால்வர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அதற்கடுத்த வாரம் என் இட்லி மாவையே குறை சொன்னார். நான் முறைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

முப்பதாம் நாள் முத்திரையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ரிவால்வரே எழுந்து வந்தது.

"மனுவைத் திருப்பிக் குடுங்க மேடம். இவருக்கு நான் சரிப்பட மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது அண்ணாச்சிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மினி பஸ் பிடித்துப் போனது. நாளை முதல் பெஞ்சில் அவரும் இருக்கமாட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார்.

"அடுத்தது," என்று கூப்பிட்டேன்.

வரிசையில் என் டிபன் பாக்ஸ் நின்றது. படிவத்தில் அண்ணாச்சியின் பெயர் இருந்தது. கையெழுத்து இரண்டும் சரியாக இருந்தன. காரணம் என்ற இடத்தில் 'தற்காப்பு' என்று எழுதியிருந்தது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். முப்பது நாள் ஆகும் என்று சொல்லி இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்தேன்.