எவர்சில்வர் சத்தம்

மாடக்கண்ணு எஸ்.ஐ.யாக இருந்த காலத்தில் டீக்கடைக்குள் கால் வைத்தால் போதும், கடையே கப்சிப் என்று ஆகிவிடும். பெஞ்சில் இருப்பவன் எழுந்து நிற்பான். மாஸ்டர் கேட்காமலே டீ ஆற்றுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுஷரை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் தாங்கிக்கொண்டார். பெண்டாட்டி முத்துச்செல்வி செத்துப்போன பிறகுதான் ஆள் ஒடிந்துபோனார். மகன் பட்டாளத்தில், அஸ்ஸாமில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்ட்டீங்களாப்பா?" "சாப்ட்டேன்." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கை நழுவி விழுந்தது. எவர்சில்வர் தட்டுக்கு விழுந்தவுடன் அடங்கத் தெரியாது. அடுப்படி முழுக்கச் சுற்றி, ஆடி, தானாகவே ஓய்ந்தது. முத்துச்செல்வி இருந்தால் கொல்லையிலிருந்து ஓடி வந்திருப்பாள். "என்னாச்சு, கால்ல பட்டுட்டா?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் ஏசுவாள். மாடக்கண்ணு கொஞ்ச நேரம் கொல்லை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் சமைக்கவில்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெஸ்வின் என்றொரு இளவட்டம் புதிதாக ஹோட்டல் போட்டிருந்தான். டோக்கன் வாங்கி, நாமே தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். அங்கேதான் அது நடந்தது. தோசைத் தட்டும் காப்பி டம்ளரும் ஒருசேர நழுவி, கணகணவென்று தரையில் உருண்டன. கடை மொத்தமும் திரும்பியது. மானம் போயிற்று என்று அவர் நிற்கும்போதே, பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எச்சில் கையோடு எழுந்து வந்தாள்.

"ஐயோ அண்ணாச்சி, கால்ல கொட்டிட்டா? சுட்டுட்டா?"

"இல்லம்மா. ஒண்ணுமில்ல."

"இங்கன உக்காருங்க. நான் வேற வாங்கிட்டு வாரேன்."

அவள் பெயர்கூட இவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் 'சுட்டுட்டா' வீடு வரைக்கும் கூடவே வந்தது. அடுத்த வாரம் குற்றாலத்தில் ஒரு ஹோட்டலில் மறுபடியும் டம்ளர் விழுந்தது. இந்தத் தடவை அது தானாக விழவில்லை.

மூடி மறைப்பானேன்? வேண்டுமென்றேதான் போட்டார். காலமெல்லாம் அடுத்தவன் பொய்யைத் தோண்டி எடுத்த ஆளுக்குத் தான் ஒரு பொய் ஜோடிக்கத் தெரியாதா? டம்ளரை மேஜை ஓரத்தில் வைப்பார். பேப்பரைத் திருப்புகிற சாக்கில் முழங்கையால் இடிப்பார். அவ்வளவுதான் வேலை. ஒரு கடையில் ஒரு தடவைதான். பிறகு வேறு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

ஊருக்கு ஊர் ஒரு குணம் இருந்தது. குற்றாலத்தில் சீசனுக்கு வந்த வாலிபர்கள், தலை ஈரம் காயாமல், விசிலடித்துக் கை தட்டினார்கள். சுரண்டையில் முதலாளி இவரை விட்டுவிட்டு மேஜை துடைக்கிறவரை ஏசினார். மாடக்கண்ணுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பண்பொழியில் எல்லோரும் பார்க்காத மாதிரியே பார்த்தார்கள். இலத்தூர் டீக்கடைக்காரர், "டம்ளர்தான அண்ணாச்சி, உடையவா போவுது?" என்று சொல்லி இன்னொரு டீ வைத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சுட்டதா என்று அவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவர் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மனம் கேட்காமல் ஜெஸ்வின் கடைக்கே திரும்பி வந்தார். கல்லாவில் இருந்த ஜெஸ்வின் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டான்.

"சார், நீங்க எந்திரிக்காதீங்க. ஏலே இசக்கி, சாருக்குத் தட்டு வேண்டாம், இலை போடு. காப்பிய பேப்பர் கப்புல குடுலே. பாவம், அன்னைக்குத் தட்டு விழுந்தப்பவே பாத்தேன், அவங்களுக்குக் கை நடுங்குது. இனிமே எப்ப வந்தாலும் இப்படித்தான் சார். எங்கப்பாவுக்கும் இந்த நடுக்கம் உண்டு."

சொன்னதில் துளி கேலி கிடையாது. அதனால்தான் மாடக்கண்ணு, கை நடுங்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

காப்பி விளிம்பு வரை நிறைந்து ஆவி பறந்தது. டம்ளர் பிடித்தே பழகிய கை எப்போதும்போல அழுத்திப் பிடித்தது. கப் நசுங்கி, அவ்வளவு காப்பியும் கால்மேல் கொட்டியது. சத்தியமாக இந்தத் தடவை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. செருப்பு வாருக்கு அடியில் போய்ச் சுட்ட சூட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கப் தரையில் விழுந்ததற்குச் சத்தமே இல்லை. ஒரு தலை திரும்பவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் கடைசி வடை யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வெளியே செங்கோட்டை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஜெஸ்வின் சில்லறை கொடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

மாடக்கண்ணு குனிந்து கப்பை எடுத்தார். உடனே நிமிரவில்லை. மேஜைக்கு அடியிலேயே, சிவந்துபோன காலைத் தடவிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"சுட்டுட்டா அண்ணாச்சி?"