நடுப்பக்கத்துப் படம்

பிரவீணா தனியாக எடுத்த முதல் கல்யாணம் அனுசுயாவுடையது. அதற்கு முன்பு பெரம்பலூர் ஸ்டுடியோக்காரர் ஒருவரோடு லைட் பிடிக்கப் போயிருக்கிறாள். பந்தியில் சாப்பிடுகிறவர்களை எடுத்திருக்கிறாள். அவ்வளவுதான். அனுசுயா ரஞ்சன்குடிப் பக்கத்துப் பெண், கல்லூரியில் ஒரு வருடம் இளையவள், ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கம். பிரவீணா அக்காதான் எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்துச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரான தா.பழூரில். தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒரு பெரியம்மா குறுக்கே வந்து நின்றதில், முடிச்சு விழுந்ததே படத்தில் இல்லை. கூட்டம் விலகியதும் மாப்பிள்ளை அசோக்கை மறுபடி கையை வைத்துக்கொள்ளச் சொல்லி ஒப்பேற்றினாள். மேடை அலங்காரத்துக்குப் போட்டிருந்த ஊதா வெளிச்சம் எல்லார் முகத்திலும் காயம் கன்றிப்போனது போல விழுந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

அந்தக் குவியலில் ஒரு படம் மட்டும் அவளை நிறுத்தியது. பந்திக்குப் போகும் முன், மணப்பெண் அறை வாசலில் நின்றுகொண்டு, அனுசுயாவின் தலையில் சிக்கியிருந்த அட்சதையை அசோக் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் நிற்கச் சொல்லி எடுத்ததில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு கவனம். ஆனால் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் டியூப் லைட்டின் பச்சை. முகத்தைச் சரிசெய்தால் புடவை கெட்டது, புடவையைச் சரிசெய்தால் முகம் கெட்டது. கடைசியில் நிறத்தையே எடுத்துவிட்டாள். கருப்பு வெள்ளையில் ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. ரெண்டு பேர் மட்டும் நின்றார்கள். நிறம் போன பின்னும் கம்ப்யூட்டரில் சிவப்பின் அளவை ஏற்றினால் முகம் வெளுத்தது, இறக்கினால் கறுத்தது. ஏற்றி இறக்கி, மனசுக்குப் பிடித்த ஓரிடத்தில் நிறுத்தி, அனுசுயாவுக்கு அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் அதைப் பெரிதாகப் போட வேண்டும் என்றாள் அனுசுயா. கல்யாண ஆல்பத்தில் கருப்பு வெள்ளையை வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று பிரவீணா தயங்கினாள். அத்தையிடம் தான் சொல்லிக்கொள்வதாக அவள் சொல்லவே, போட்டாள்.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, அசோக்கின் அம்மா ஜெகதாம்பாள் மடியில் வைத்துப் புரட்டினாள். நடுப்பக்கம் வந்ததும் கை நின்றது.

“என்னம்மா இது, செத்தவங்க படம் மாதிரி இருக்கு?”

இப்போது எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்று அசோக் சிரித்தான். டீ டம்ளர்களோடு வந்த அனுசுயா அவற்றை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். ஜெகதாம்பாள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். பேச்சு வேறு எங்கோ போனது.

ஐப்பசி மழையில் அசோக் செத்துப்போனான். அரியலூரில் டிராக்டர் ஷோரூமில் வேலை. சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது, சுண்ணாம்புக்கல் லாரி ஒதுக்கியதில் சறுக்கி விழுந்தான் என்றார்கள். மறுநாள் காலையில் அவன் சித்தப்பா அய்யாக்கண்ணு போன் செய்தார். பேனருக்கும், வீட்டில் மாட்டவும் ஒரு படம் வேண்டும், மாலை இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்.

பிரவீணா எல்லாப் படங்களையும் திரும்பப் பார்த்தாள். மேடையில் எடுத்ததெல்லாம் மாலை கழுத்தை மூடியிருந்தது. மாலையைக் கழற்றிய பின் எடுத்தவற்றில் பொண்ணு முகம்தான் துல்லியம். பக்கத்தில் அவன் மங்கலாக இருந்தான். பழக்கமில்லாத கை, பொண்ணையே பார்த்து எடுத்திருந்தது. அவன் முகம் தெளிவாக விழுந்தது அந்த ஒரு படத்தில்தான்.

அனுசுயாவைப் படத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். தோளை வெட்டினாள். பூவை அழித்தாள். அவளுடைய தலைமுடியின் ஓரம் அவன் சட்டைமேல் விழுந்திருந்தது. பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதை இழை இழையாகத் துடைத்தாள். அட்சதை எடுத்த கையையும் எடுக்க வேண்டியதாயிற்று. அது முடிந்தபின் அவன் குனிந்து எதையும் பார்க்கவில்லை, வெறுமனே குனிந்திருந்தான். அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை.

கருமாதிக்குப் போகாமல் இருக்க மனம் வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் படம் போட்ட பேனர்தான் எதிரில் நின்றது. வீட்டுக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் கால் வைத்த நேரம் என்று ஒருத்தி தொடங்கினாள், இன்னொருத்தி தலையாட்டினாள். அனுசுயா மூலையில் வெறும் நெற்றியோடு இருந்தாள். பிரவீணாவைப் பார்த்ததும் ஜெகதாம்பாள் எழுந்து உள்ளே போய் ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். நடுப்பக்கத்தை விரித்து முன்னால் வைத்தாள். சத்தம் போடவில்லை.

“இத எவ சொல்லிப் போட்ட?”

அனுசுயா தலை நிமிர்ந்தாள். அவள் உதடு பிரிந்ததைப் பிரவீணா பார்த்தாள். இந்தப் பெண்கள் நடுவில் அவள் வாயைத் திறந்தால் என்னவாகும் என்று தெரிந்தது. பிறகு யோசிக்கவில்லை.

“யாரும் சொல்லலைங்கம்மா. நானாத்தான் போட்டேன்.”

“எம்புள்ள உனக்கு என்ன கெடுதல் பண்ணான்?”

ஜெகதாம்பாள் அந்தத் தாளைக் கிழிக்கப் பார்த்தாள். தடித்த தாள், கிழியவில்லை. நகத்தால் கீறினாள். பிறகு அதன்மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அய்யாக்கண்ணு வந்து, நீ கெளம்பும்மா என்று மெதுவாகச் சொல்லி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார்.

அவள் படம் எடுத்தால் ஆகாது என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. வரதராஜன்பேட்டையில் தையில் ஒரு கல்யாணம் எடுக்கப் பேசியிருந்தது; வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள். பெரம்பலூரிலேயே ஒரு வளைகாப்புக்குப் போனவளை, பொண்ணோட மாமியார் வேண்டாங்கிறாங்க என்று வாசலோடு அனுப்பினார்கள். யாரிடமும் போய் உண்மையைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னாலும் பழி இடம் மாறுமே தவிரப் போகாது. மாசி பிறந்ததும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் அனுசுயா அங்கே வந்தாள். ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போட போட்டோ வேண்டுமாம். பங்குனியிலேயே அப்பா போய்க் கூட்டிவந்துவிட்டார். ராசி இல்லாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். பிரவீணா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா. வாய் வரைக்கும் வந்துச்சு.”

“சொல்லியிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க.”

“இப்ப மட்டும் என்ன. உங்க பொழப்பும் போச்சு.”

பிரவீணா கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போனது போனதுதான், அதைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அனுசுயா தலையாட்டினாள்.

சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் ஓரத்தில், வந்துபோன பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. முடியைச் சரிசெய்யப் போன அனுசுயா அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போட்டோவுக்கு வச்சுக்கலாமாக்கா?”

“வச்சுக்க.”

சின்னதாக ஒன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பிரவீணா மூன்று தடவை எடுத்தாள். ஒரே தடவை போதும் என்று தெரிந்தும் எடுத்தாள். பிரிண்ட் வந்ததும் வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்தாள். அனுசுயா வாங்கிப் பைக்குள் வைத்தாள். வெளியே அப்பா வண்டியோடு நிற்கிறார் என்றாள். வாசலுக்குப் போனவள் நின்று, விரல் நகத்தால் பொட்டை உரித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் விரலிலேயே வைத்திருந்தாள். பிறகு கதவு நிலையில் ஒட்டிவிட்டு, வெயிலுக்குத் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.