காதில் போட்டது

கன்று வீச்சு நோய் வந்த மாட்டைக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. அந்த நோய் வராமல் ஊசி போடுவது தம்பியின் வேலை. ஒரே கால்நடைத் துறை, ஒரே வளாகம். அவள் இரண்டாம் மாடியில் ஏசி ஓடும் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள், அவன் கீழே சாணி ஒட்டிய வேனில் அலைந்தான். அவள் கையெழுத்துப் போட்ட ரிசல்ட்டுக்கு மறுபேச்சு கிடையாது என்பதால் வளாகத்தில் அவளுக்கு ரிசல்ட்டம்மா என்று பெயர். அவனுக்கு வீட்டிலேயே பெயர் வைத்தாகிவிட்டது: வயிற்றுவலி. படிக்கிற காலத்தில் பரீட்சை என்றால் போதும், முதல் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். முப்பத்தாறு வயதாகி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகும் அந்தப் பெயர் அவனை விட்டபாடில்லை.

இந்த நோய் வந்த பசு, சினையை மாதம் நிறையும் முன்பே வீசிவிடும். பாலிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கிற கிருமி மனிதர்களையும் பிடிக்கும். அதற்கென்று இருந்த பழைய தடுப்பூசியில் ஒரு கொடுமை உண்டு. ஊசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் வந்த மாட்டின் ரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே தெரியும். நோய் என்று ரிசல்ட் வந்தால் மாட்டைக் கொன்றாக வேண்டும் என்பது விதி. ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்ட பாவத்துக்கு நல்ல மாடுகள் செத்தன. ஒரு பண்ணையில் நாற்பத்திரண்டு மாடுகளைக் கொல்ல அவளே கையெழுத்துப் போட்டாள். அறுத்துப் பார்த்தால் ஒன்றில்கூட நோய் இல்லை. மறுநாள் போனபோது பண்ணைக்காரி அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் காலிக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒன்பது வருஷம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கல்யாணப் பேச்சைக்கூட அப்புறம் அப்புறம் என்று தள்ளித் தள்ளியே ஓய்த்துவிட்டாள். கடைசியில் அவள் கையால் புதிய ஊசி வந்தது. உள்ளே இருப்பது உயிருள்ள கிருமிதான், வலுவைக் குறைத்து வைத்த கிருமி. ஆனால் அதைப் போட்ட மாட்டின் ரத்தம் சோதனையில் எதையும் காட்டாது, உண்மையில் நோய் வந்தால்தான் காட்டும். ரத்தத்தில் அடையாளம் இல்லாததால் ஊசி போட்ட கன்றின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றை அடித்துவிட வேண்டும். வேன்காரர்கள் பேச்சில் அதற்கு ‘காதுல போடுறது’ என்று பெயர்.

ஆயிரமாவது பண்ணைக்கு ஊசி போட்டு முடித்ததற்குத் துறையில் விழா எடுத்தார்கள். அவளுக்கு மேடையில் நாற்காலி. பெயரைக் கூப்பிடப்போகும் நேரம் பார்த்துத் தம்பியின் போன் வந்தது.

“அக்கா, கன்னுக்குட்டி துள்ளிடுச்சு. ஊசி என் கட்டைவிரல்ல இறங்கிடுச்சு. மருந்தும் கொஞ்சம் உள்ள போயிருக்கும். சும்மா உன் காதுல போட்டு வைக்கலாம்னு கூப்பிட்டேன்.”

சோப்பு போட்டுக் கழுவு, என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். மைக் இரைச்சலில் அவன் சொன்னதில் பாதிதான் விழுந்தது. விழுந்த பாதியும் கைதட்டலில் போயிற்று. ஊசிப்பெட்டியோடு வரும் தாளில் பதினோராவது வரி, தவறிக் குத்திக்கொண்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறது. அந்தத் தாளை எழுதியவளும் அவள்தான்.

மூன்றாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. சாயங்காலமானால் ஏறும், சட்டையைப் பிழியலாம் போல வியர்க்கும், விடிந்தால் ஆள் நன்றாக இருப்பான். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது என்றான். வயிற்றுவலிக்கு இடுப்புவலியாகப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று வேனில் ஒரே சிரிப்பு. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள். அக்கா தயவில் பிழைக்கிறான் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் தன் மானம் என்ன ஆவது என்ற கவலை அவளை அரித்தது. தம்பியின் உடம்பைப் பற்றிய கவலைக்கு அதற்குப் பிறகுதான் இடம். இதை அப்புறம் அவளே ஒப்புக்கொண்டாள்.

அவளைக் கவனிக்காதவள் என்று சொல்ல முடியாது. மாட்டோடு கிடக்கிறவனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? கொட்டகையில் தொற்றிய நோயாக இருக்கும் என்று நினைத்து அவளே ரத்தம் எடுத்தாள், அவளே சோதித்தாள். நெகட்டிவ். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் நெகட்டிவ். மூன்றாம் முறையும் அதே. ஊசியின் ஞாபகம் அவளுக்கு மருந்துக்குக்கூட வரவில்லை. என் சோதனை பொய் சொல்லாது என்றாள். அது பொய் சொல்லவும் இல்லை. எதைக் காட்டக்கூடாது என்று அவள் ஒன்பது வருஷம் பழக்கினாளோ, அதைக் காட்டாமல் இருந்தது.

தம்பி மனைவி துணிக்கடையில் தையல் வேலை பார்ப்பவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஒருநாள் வேலைக்கு நடுவில் இரண்டு மாடி ஏறி வந்து பரிசோதனைக்கூடத்தின் வாசலில் நின்றாள்.

“அண்ணி, அவரு நடிக்கல. அந்த உடம்பைத் துடைச்சு விடுறவ நான். இன்னும் ஒரு தடவை நல்லா பாருங்க.”

“மூணு தடவை பார்த்தாச்சு. ரத்தத்துல ஒண்ணுமில்ல. நீ இடம் கொடுக்காம வேலைக்கு அனுப்பு.”

தம்பி மனைவி படியிறங்கிப் போனாள். மருத்துவ விடுப்பு கேட்ட தம்பியின் மனுவில் ‘தொற்று இல்லை’ என்று எழுதி அக்கா கையெழுத்துப் போட்டாள். விடுப்பு கிடைக்கவில்லை. அதே தாளைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், தொற்று இல்லையென்றால் இது மூட்டுவாதம்தான் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை வலியையும் அமுக்கியது, உடம்பின் எதிர்ப்பையும் அமுக்கியது. கிருமிக்கு ராஜ உபசாரம் நடந்தது.

அதன்பின் தம்பி வாய் திறக்கவில்லை. தினமும் நேரத்துக்கு வந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு கன்று பிடித்தான். கண்டிப்பாக இருந்ததால் திருந்திவிட்டான் பார், என்று அக்கா உள்ளூரப் பெருமைப்பட்டாள்.

ஐந்தாவது மாதம், பிடித்த கன்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் அரித்துப் போயிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தைப் புட்டியில் வைத்து வளர்த்தார்கள். ஆறாம் நாள் ஏதோ முளைத்தது. மாட்டுக் கிருமி போலிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று அந்தப் புட்டியை அவளிடமே அனுப்பினார்கள்.

வந்தது நோயின் கிருமியா, ஊசியின் கிருமியா என்று பிரித்துச் சொல்லும் சோதனையும் அவள் உருவாக்கியதுதான். கோடு மேலே விழுந்தால் நோய், கீழே விழுந்தால் ஊசி. கீழே விழுந்தது. நம்பாமல் திரும்பச் செய்தாள். கீழேயே விழுந்தது. அப்போதுதான், கைதட்டலுக்கு அடியில் இத்தனை மாதம் கிடந்த அந்த போன் பேச்சு அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. ரிசல்ட் என்ன எழுதட்டும் மேடம் என்று உதவியாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கடைசியில் பேனாவை வாங்கி ‘ஊசி’ என்று அவளே எழுதினாள்.

கிருமி இன்னதென்று தெரிந்ததும் சரியான மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கியது. அரித்த எலும்பு திரும்பாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது சந்தேகம், கன்று பிடிக்கும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அக்கா வார்டுக்குப் போனாள். தம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் மனைவி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள், வா என்று சொல்லவில்லை. அக்கா நின்றபடியே சொன்னாள்.

“உன்னைப் பிடிச்சது நோய் இல்லடா. நம்ம ஊசி. நீ அன்னைக்கு போன்ல சொன்னது எனக்கு மறந்தே போச்சு.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலாம் என்று இருந்தது. அவன் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான்.

“மறந்துட்டியா? உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். குத்துனது தெரிஞ்சும் அக்கா ஒண்ணுமில்லன்னு சொல்லுதே, அப்போ நான்தான் பழையபடி நடிக்கிறேன் போலன்னு என்னையே திட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன்.”

ஜன்னலோரம் துணி மடித்த கை நின்றது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுவதற்குக்கூட அந்த அறையில் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. தம்பி, வேனில் அடிக்கிற வழக்கமான கிண்டல் குரலில் சொன்னான்.

“மாட்டுக்கெல்லாம் அதோட காதுல போட்டோம். என்னோடதை மட்டும் உன் காதுல போட்டுட்டேன் அக்கா.”